எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

காப்புக் கட்டிய ஊரில் சமைப்பது தனி வேலை. மாரியம்மன் திருவிழா தொடங்குகிற அன்று அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டி, பிறகு கரகம், தீச்சட்டி எடுக்கிறவர்களின் மணிக்கட்டிலும் கட்டுவார்கள். தீமிதி முடிந்து அந்தக் கயிற்றை அவிழ்க்கிறவரை அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை, செருப்புப் போடுவதில்லை, பெண்டாட்டி பக்கம் போவதில்லை. ஊர் எல்லையில் ஒரு கல் நட்டு வேப்பிலை கட்டியிருப்பார்கள், அதைத் தாண்டுவதில்லை. கோயில் கொட்டகையிலேயே படுக்கை. அவர்களுக்கும் அன்னதானத்துக்கு வருகிறவர்களுக்கும் பொங்கிப் போட வெளியிலிருந்து ஆள் பிடிப்பார்கள். அந்த வருஷம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊருக்கு அப்படிப் போனவள் நான்.

நான் திருநங்கை. பூம்புகார்ப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் ஒன்றாக விட்டேன். பம்பாய், பூனா, சூரத் என்று சுற்றினேன். கைதட்டிக் காசு கேட்டேன், மற்றதையும் செய்தேன். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் எய்ட்ஸ் கிருமி வந்து செத்தார்கள். அப்போது மாத்திரை இப்போதுபோல எல்லோருக்கும் கிடைக்கவில்லை. எனக்கு இதுவரை வரவில்லை, அது என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்த பிறகு ஒரு கல்யாணச் சமையல் கோஷ்டியோடு சேர்ந்தேன். நாகூரிலிருந்து தஞ்சாவூர் வரை அலைச்சல்தான். ஒரே ஊரில் ரொம்ப நாள் இருக்க எனக்கு வராது.

அந்த ஊரில் ஒருவனை எனக்கு முன்பே தெரியும். நாகூர் பாசஞ்சரில் எதிர் சீட்டில் உட்கார்ந்து என் வளையலையே பார்த்துக்கொண்டு வந்தான். திருவாரூர் தாண்டியதும், "அக்கா, நீங்க எங்க எறங்குவீங்க?" என்று கேட்டான். அதைக் கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் ஆண்பிள்ளைதான், அப்படியே இருக்கத்தான் அவனுக்கு ஆசை. ஆனால் அவன் மனசு ஆண்கள் பக்கமே போகும். உரக்கடையில் வேலை பார்த்தான். அப்பா விட்டுப்போன நிலத்தையும் பார்த்துக்கொண்டான். நாலு பேர் முன்னால் அவனுக்கு நான் மாஸ்டர், எனக்கு அவன் தம்பி. யாரும் இல்லாத இடத்தில் அவன் அக்கா என்பான், நான் 'வாடீ, போடீ' என்பேன்.

அவன் போனில், ஆண்கள் ஆண்களைத் தேடுகிற ஒரு ஆப் இருந்தது. அதில் யாருக்கும் முகம் கிடையாது. வயல், பைக், முதுகு, ஏதாவது நடிகர் படம், இவைதான் முகம். இரண்டு கிலோமீட்டரில் ஒருவர் இருக்கிறார் என்று காட்டும். எங்கள் பக்கம் இரண்டு கிலோமீட்டர் என்றால் அடுத்த ஊர். சொந்தச் சித்தப்பா மகனாகக்கூட இருக்கலாம்.

அதில் வருகிறவர்களைப் பார்க்க அவன் போகட்டும், போகாமல் இருக்க யாராலும் முடியாது. ஆனால் போகுமுன் அந்த ஆளின் வண்டி நம்பரை எனக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதலில் டீக்கடையில் பார்த்துப் பேச வேண்டும். செயினைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். காண்டம் தன் பையில் இருக்க வேண்டும், எதிராளி கொண்டுவருவான் என்று நம்பிப் போகக் கூடாது. திரும்பி வந்ததும் 'சாப்பிட்டாச்சு' என்று ஒரு மெசேஜ் போட வேண்டும். சூரத்தில் என்னோடு தங்கியிருந்த ஒருத்தி அப்படிப் போய்த் திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து வந்த பழக்கம் இது.

"பொண்ணு பாக்கப் போறப்பகூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்கக்கா" என்பான்.

"அதனாலதான்டீ அதுல பாதி கோர்ட்டு வாசல்ல நிக்கிது."

சிரிப்பான். ஆனால் ஒவ்வொரு முறையும் நம்பர் அனுப்பிவிடுவான்.

அந்த வருஷம் கரகம் அவனுடையது. அவன் அப்பா கரகம் எடுத்தவர். தீக்குழியில் முதல் கால் கரகம் எடுக்கிறவருடைய கால்தான். அவர் செத்த பிறகு பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்த முறை இப்போது இவனுக்குத் திரும்பி வந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அவன் நடையை வைத்து ஊரில் கேலி உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒம்போது என்றுதான் கூப்பிட்டார்கள். காப்புக் கட்டிய அன்று அடுப்படிக்கு வந்து மணிக்கட்டை என்னிடம் காட்டினான்.

"தலையில கரகம் இருக்கறப்ப என் நடையப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான்கா. கையெடுத்துக் கும்புடுவான்."

திருவிழாவின் நடுவில் ஒரு நாள். மத்தியானப் பந்தி முடிந்து எல்லோரும் அசந்து படுத்திருந்தார்கள். வைகாசி வெயில். ஆறு வறண்டு மணலாகக் கிடந்தது. மேட்டூர் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. நான் ராத்திரிக் குழம்புக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் கொட்டகையின் பின்பக்கமாக வந்து நின்றான். உதடு கிழிந்திருந்தது.

"என்னடீ?"

"போன் போச்சுக்கா."

"எங்க விட்ட?"

"விடல. புடுங்கிட்டானுவ."

உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றபடி சொன்னான். ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த ஆள். ஆற்றங்கரையில் நெல் கொள்முதல் கொட்டகை ஒன்று உண்டு. அறுவடை முடிந்துவிட்டால் பூட்டித்தான் கிடக்கும். அதன் பின்னால் வரச் சொல்லியிருக்கிறான். அது எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்தான் என்று போயிருக்கிறான். ஒருவன் என்று நினைத்துப் போன இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். விரதத்துக்காகச் செயினைக் கழற்றி வைத்திருந்தான். கழுத்தில் ஒன்றும் இல்லாததற்கும் சேர்த்து அடி விழுந்தது. பிறகு மூன்று பேரும் அவனை நாசம் செய்தார்கள். போனில் படம் எடுத்தார்கள். வாயைத் திறந்தால் ஊருக்கே அனுப்புவோம் என்று சொல்லிவிட்டு, அவன் போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோயிலில் இருந்தவர்களிடம் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லியிருந்தான். யாரோ உதட்டில் காப்பித்தூள் அப்பிவிட்டிருந்தார்கள்.

"உறை போட்டானுவளா?"

"இல்ல."

"எனக்கு ஏன்டீ நம்பர் அனுப்பல?"

அவன் மணிக்கட்டைப் பார்த்தான். "கையில கயித்தக் கட்டிக்கிட்டுப் போறேன்னு உங்ககிட்ட எப்டிக்கா சொல்றது?"

நான் முருங்கைக்காயைக் கீழே வைத்தேன். அழுவதற்கு நேரமில்லை. இப்படி ஆகிவிட்டவர்களுக்கு என்று மாத்திரை இருக்கிறது. மூன்று நாளுக்குள் ஆரம்பித்து ஒரு மாதம் சாப்பிட்டால் கிருமி உடம்பில் தங்காமல் தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சும்மா கொடுப்பார்கள். சாயங்கால பஸ்ஸிலேயே போய்விடலாம் வா என்றேன்.

"எல்லையத் தாண்டணும்ல."

"தாண்டுனா என்ன?"

"கட்டுன கயித்தோட தப்பு பண்ணிட்டேன்கா. ஆத்தா உடனே கூலி குடுத்துட்டா. அதுக்கு மேல எல்லையயும் தாண்டி, தண்ணி வராமப் போச்சுன்னா? ஊரு நாத்தாங்காலப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கு."

"மேட்டூர் தண்ணி உன் இடுப்புலயாடீ கட்டியிருக்கு?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததில் உதடு மறுபடி பிளந்து ரத்தம் வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். அதற்குள் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

மறுநாள் காலையில் வாழையிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நானே தஞ்சாவூர் போனேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நான் ரத்தம் பார்த்துக்கொள்கிற இடம்தான். அங்கே ஆலோசனை சொல்கிற அம்மாவுக்கு என்னைத் தெரியும். யார், எந்த ஊர் என்று சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன்.

"ஆள் வராம மாத்திரை குடுக்க முடியாதும்மா. ரத்தம் பாக்கணும், டாக்டர் பாக்கணும், காயம் இருந்தா அதுக்கும் வைத்தியம் பண்ணணும். இன்னிக்கே கூட்டிக்கிட்டு வாங்க. அவரு என்ன, யாருன்னு இங்க ஒருத்தரும் கேலி பண்ண மாட்டாங்க. மருந்து மொதல்ல, மத்ததெல்லாம் அப்பறம்."

"கோயில்ல காப்புக் கட்டியிருக்காரும்மா."

அந்த அம்மா பேனாவை மூடினார். "அப்ப நீங்கதான் பேசணும்" என்றார்.

வெளியே இரண்டு மருந்துக்கடையில் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று தங்களிடம் இல்லை என்றார்கள். இலைக்கட்டோடு பஸ் ஏறினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருந்தது? அந்த வரிசையில் நிற்கும்போதுதான் பூசாரியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பூசாரி கோயில் வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் பூசாரி, காப்புக் கட்டுனவங்களுக்கு ஒடம்புக்கு வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஏன், சாம்பார்ல ஏதும் கோளாறா?"

"என் சாம்பார்ல கோளாறு வராது. சும்மாக் கேட்டேன்."

"போன வருஷம் தீச்சட்டி எடுக்கறவன நல்லபாம்பு போட்டுருச்சு. கயித்த அவுத்துப் பால் சொம்புல போட்டோம். ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொன்னோம். அவன ஆசுபத்திரிக்கு அனுப்பிட்டு தம்பிக்காரன் கையில புதுக் கயிறு கட்டுனோம். பொழச்சு வந்துட்டான், அந்தா டிராக்டர் ஓட்டிக்கிட்டுப் போறானே, அவன்தான். கயித்துக்காக உசுர விடுன்னு எந்த ஆத்தாம்மா கேப்பா?"

எனக்குக் காலே தரையில் இல்லை. போர்செட்டில் அவன் குளித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நகர்கிறவரை தவலை கழுவுகிறமாதிரி நின்றேன். பிறகு பூசாரி சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் தலையைத் துவட்டாமல் கேட்டான்.

"பாம்பு கடிச்சாச் சொல்லலாம்கா. இத என்னன்னு சொல்றது?"

"பாம்புன்னே சொல்லேன்."

அவன் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தான். அது முகத்தில் தெரிந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

"போன வருஷம் அந்த ஆளோட எத்தன பேரு போனாங்க தெரியுமா? ரெண்டு டாட்டா ஏஸ், பின்னால பைக்கு. கட்டிலச் சுத்தி ஊரே நின்னுச்சு. எங்கம்மா வரும், பெரியப்பா வருவாரு, பங்காளி பூரா வருவானுவ. எங்க கடிச்சுதுன்னு டாக்டர் கேப்பாரு." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "எங்கக்கா காட்டச் சொல்றீங்க?"

வயிற்றுவலி என்று சொல் என்றேன். அம்மா கூட வரும் என்றான். தனியாகப் போகிறேன் என்று சொல் என்றேன்.

"இந்த ஊர்ல ஆசுபத்திரிக்கு எவன்கா தனியாப் போயிருக்கான்? தனியாப் போறேன்னு சொன்னாலே என்னமோன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. கயித்தயும் அவுத்துட்டா, கரகத்த ஏன் விட்டான்னு இன்னும் பத்து வருஷம் பேசுவாங்க."

அன்று ராத்திரிக்குள் மனசு மாறுவான் என்று பார்த்தேன். மறுநாள் காலையில் பந்தியில் அவனுக்குப் பொங்கல் வைக்கும்போது கண்ணாலேயே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். திரும்பிக் கேட்க முடியாதபடி இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருந்தது. நான் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போயிருக்கலாமா என்று, பெயர் ஊர் சொல்லாமல் நான் சொல்லக் கேட்ட பல பேர் பிறகு கேட்டிருக்கிறார்கள். கரகம் எடுக்கிறவனை ஒரு திருநங்கை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினால் அந்த ஊரில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதற்கு மறுநாள் சாயங்காலம் தீமிதி. அன்று மத்தியானத்தோடு மூன்று நாள் முடிந்திருந்தது. நான் கடைசிப் பந்திக்கு வடை போட்டுக்கொண்டிருந்தேன். மேளம் நெருங்கியதும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். அவன் மஞ்சள் வேட்டியில், தலையில் பூங்கரகத்தோடு வந்தான். கையால் பிடிக்கவில்லை. கரகம் ஆடாமல் இருப்பதற்கு அந்த நடைதான் சரியான நடை என்று அப்போதுதான் பார்த்தேன். இடுப்பு அசைந்தது, தலை அசையவில்லை. கூட்டத்தில் எவனும் சிரிக்கவில்லை. குழியில் இறங்கி, அவசரப்படாமல், நெருப்பின்மேல் நடந்து பால்குழிக்குப் போனான்.

"அவங்கப்பன உரிச்சு வச்சிருக்கான்யா" என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். அவன் அம்மா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

மஞ்சள் நீராட்டு முடிந்து கயிறு அவிழ்த்த அன்றே தஞ்சாவூர் போனோம். ஆலோசனை சொல்கிற அம்மா நாளைக் கேட்டார். கேட்டுவிட்டு, "முந்தாநேத்து வந்திருந்தா..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார். இனி அந்த மாத்திரையால் பிரயோஜனம் இல்லை. வேறு தொற்றுகளுக்கு ஊசி போட்டார்கள், காயத்துக்கு மருந்து கொடுத்தார்கள். போலீசில் சொல்ல விருப்பமா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றான். ரத்தத்தில் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அது சம்பவத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும், சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வாரங்களில் மேட்டூர் தண்ணீர் வந்தது. நாற்று விட்டார்கள், நடவு முடிந்தது. தண்ணீர் வந்த அன்று எனக்குப் போன் செய்து, "வந்துருச்சுக்கா" என்று மட்டும் சொன்னான்.

மறு சோதனைக்கும் நான் கூடப் போனேன். ஆனால் அறைக்குள் தனியாகத்தான் போனான். வெளியே வந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி, முடியவே முடியாது போலப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் சொன்னான்.

"இருக்காம்கா."

"மாத்திர எப்ப ஆரம்பிக்கிறாங்க?"

"நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்க. தெனம் ஒண்ணு. விடாமத் தின்னா கிருமி ரத்தத்துல தெரியாத அளவுக்குக் கொறைஞ்சுருமாம். அப்பறம் அடுத்தவங்களுக்கும் ஒட்டாதாம்."

"ஆமா."

"அப்ப சாக மாட்டேன்ல?"

"மாட்டடீ."

"அப்பறம் ஏன் அழறீங்க?"

கேட் திறந்தது. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

அந்த மூன்று பேர் யாரென்று இன்றுவரை தெரியாது. படமும் யாருக்கும் வரவில்லை. ஆனால் டீக்கடையில் புதிதாக யார் வந்து நின்றாலும் அவன் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். புதுப் போனில் அந்த ஆப்பைப் போடவில்லை. சிங்கப்பூர் போகிற பேச்சு ஒன்று வீட்டில் இருந்தது, அதற்கு ரத்தம் பார்ப்பார்கள் என்று அதையும் ஏதோ சொல்லி விட்டுவிட்டான். அம்மா பெண் பார்க்கிறார். அதற்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷமும் அந்த ஊர்ச் சமையல் எனக்கே வந்தது. கரகமும் அவனுக்கே. கோயில் கொட்டகையில் பத்துப் பேரோடு படுக்கிறவன் மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பான்? என் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் குழியைக் காலி செய்து அதில் வைத்துக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வந்து கையை நீட்டுவான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பார்க்கிறவர்களுக்கு வெல்லமோ முந்திரியோ வாங்கித் தின்கிறமாதிரிதான் இருக்கும்.

அந்தத் தடவை அடுத்த மாத மாத்திரை வாங்குகிற தேதி காப்புக் கட்டிய நாட்களுக்குள் வந்துவிட்டது. புட்டியில் மிச்சம் இரண்டு மாத்திரை கிடந்தது. விட்டுவிடாதே என்று நான் சொல்ல வாயெடுக்குமுன் அவனே, "நாளைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றான்.

மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போனான். மத்தியானப் பந்தி முடிவதற்குள் வந்துவிட்டான். நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். புதுப் புட்டியை என் மடியில் போட்டுவிட்டு எதிரில் குந்தினான்.

"என்ன சொல்லிட்டுடீ போன?"

"பட்டா மாத்தற விஷயமா தாலுகா ஆபீஸ்ல வரச் சொல்றாங்கன்னேன். கயித்த என்ன பண்றதுன்னு பெரியப்பாகிட்டயே கேட்டேன். பூசாரியும் பக்கத்துலதான் இருந்தாரு. 'நெலம் பேருக்கு மாறுற காரியம்டா, அத விடலாமா? ஆத்தாள நெனச்சுக்கிட்டுப் போயிட்டு, பொழுது சாயறதுக்குள்ள வந்துரு'ன்னாரு பெரியப்பா. கூட யாரும் வரேன்னுகூடச் சொல்லல."

நான் கத்தியை நிறுத்தினேன்.

"எல்லைக்கல்லுகிட்ட பஸ்ஸு வந்தப்ப கண்ண மூடிக்கிட்டேன்கா. தொறந்து பாத்தா அடுத்த ஊரு. அவ்ளோதான் இருந்துச்சு."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, எனக்கு முன்னால் கிடந்த பூசணிக் கீற்று ஒன்றை எடுத்து விதை வழிக்க ஆரம்பித்தான். நான் மறுபடி நறுக்கத் தொடங்கினேன். ராத்திரிக்கு இருநூறு இலை என்று சொல்லியிருந்தார்கள்.